வெள்ளத்துக்கு மேலே வீடு: எத்தனை அடி உயர்த்துவது, எந்த வழியில் உயர்த்துவது?

வீட்டுக்குள் ஒருமுறை வெள்ளம் புகுந்துவிட்டால், தண்ணீர் வடிந்த கையோடு கேள்விகள் வரிசையாக வரும். ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமா? உள்ளே மண் கொட்டித் தளத்தை ஏற்றினால் போதுமா? இடித்துவிட்டுப் பில்லர் மேல் கட்டலாமா? வாசலில் தடுப்பு வைத்தால் சமாளிக்க முடியாதா? கேட்பவர் எல்லோரும் வழியைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற எண் கையில் இல்லாமல் இவற்றை ஒப்பிடவே முடியாது. 45 செ.மீ. உயர்த்தினால் போதும் என்ற வீட்டுக்கும் 1.5 மீட்டர் உயர்த்த வேண்டிய வீட்டுக்கும் விடை வேறு வேறு. ஒப்பந்தக்காரர் வழக்கமாக மூன்று அடி தூக்குகிறார் என்பதற்காகத் தானும் மூன்று அடி தூக்கி, அடுத்த வெள்ளத்தில் அரை அடி போதாமல் போனால் செலவு முழுவதும் வீண்.

## முதலில் மட்டம்

தள மட்டத்தை நிர்ணயிக்கும் விதிகள் மூன்று வகை.

சாலையிலிருந்து இத்தனை செ.மீ. என்ற விதி. டேப் ஒன்று இருந்தால் போதும், யாரும் சரிபார்த்துவிடலாம். அதனால்தான் பல இடங்களில் இதுவே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இது மழைச் சாரலையும் வாய்க்கால் நிரம்பி வழிவதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆறோ ஏரியோ பெருகினால் எவ்வளவு வரும் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இன்னொரு சிக்கல், சாலையின் மட்டம் நிலையானதல்ல. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 செ.மீ. ஏறும். நான்கு முறை போட்டதும் ஒரு அடி உயரம் காணாமல் போயிருக்கும்.

கண்ட வெள்ளக்குறியிலிருந்து இத்தனை. இதுவரை வந்த அதிகபட்ச வெள்ளம் சுவரில் விட்ட கறைக்கு மேல் ஒரு இடைவெளி சேர்ப்பது. உண்மையில் நடந்ததை வைத்து எடுப்பதால் மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் பார்த்த வெள்ளம்தான் வரக்கூடிய பெரிய வெள்ளம் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கணக்கிட்ட வெள்ள மட்டத்திலிருந்து இத்தனை. மழை, ஆற்றின் கொள்ளளவு, நிலத்தின் சரிவு ஆகியவற்றை வைத்து, ஓர் ஆண்டில் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்தைக் கணிப்பது. 1968இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இந்த மட்டத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. 1 சதவீதம் என்றால் நம் காலத்தில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். ஆண்டுக்கு 0.2 சதவீத வெள்ளத்துக்குத் தளத்தை உயர்த்தினால் அதே 30 ஆண்டில் அபாயம் 6 சதவீதமாகக் குறைகிறது.

கணக்கிட்ட மட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. வாய்க்கால் அடைத்துக்கொள்ளும், மேல்நிலத்தில் புதிதாகக் கட்டடங்கள் வரும், வரைபடத்திலேயே பிழை இருக்கும், தெருவில் லாரி போனால் அலை எழும். இவற்றுக்காகத்தான் பாதுகாப்பு இடைவெளி. அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.சி.இ. 24 தரவிதி, 2014 பதிப்பில், சாதாரண வீட்டுக்குக் கணக்கிட்ட மட்டத்துக்கு மேல் குறைந்தது 1 அடி கேட்டது. மருத்துவமனை போன்ற இன்றியமையாத கட்டடங்களுக்கு 2 அடி, அல்லது 0.2 சதவீத வெள்ள மட்டம், எது உயரமோ அது.

எங்கள் பரிந்துரை இது: கணக்கிட்ட மட்டம், கண்ட வெள்ளக்குறி இரண்டில் உயரமானதை எடுங்கள். அதன்மேல் குறைந்தது 1 அடி. கணக்கிட்ட மட்டம் கிடைக்காத இடத்தில் வெள்ளக்குறிக்கு மேல் 2 அடிக்குக் குறைக்க வேண்டாம். உள்ளூர் விதி இதைவிடக் குறைவாகக் கேட்டால், அதைக் குறைந்தபட்சம் என்று மட்டும் கொள்ளுங்கள்.

எதை அளக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். தேங்கி நிற்கும் வெள்ளமானால் தளத்தின் மேற்பரப்பை அந்த மட்டத்துக்கு மேல் வைத்தால் போதும். கடலோர அலையோ வேகமான ஆற்று நீரோ வரும் இடத்தில் தளத்தைத் தாங்கும் பீமின் அடிப்பகுதி அந்த மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். பீம் 45 செ.மீ. ஆழமானால், ஸ்லாபையும் சேர்த்து இரண்டு கணக்குக்கும் நடுவே அந்த அளவு வித்தியாசம் வரும். வரைபடத்தில் "தள மட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வெள்ளக்குறியை எடுக்கும்போது ஒரே சுவரை நம்பாதீர்கள். சுவர் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுப்பதால் ஈரக்கறை உண்மையான நீர்மட்டத்தைவிட உயரமாகத் தெரியும். சேறும் குப்பையும் ஒட்டிய மெல்லிய கோடுதான் நம்பகமானது. அக்கம்பக்கத்தில் நான்கைந்து இடங்களில் அந்தக் கோட்டைத் தேடி, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் உங்கள் வீட்டுக்கு மாற்றுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு தவறிவிடும். எடுத்த மட்டத்தைச் சாலையோடு ஒப்பிட்டு எழுதி வைக்காமல், அசையாத ஒன்றோடு, பாலத்தின் கைப்பிடிச் சுவர் அல்லது நில அளவைக் கல்லோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

உயரத்துக்கு அடுத்தது தண்ணீரின் குணம். தேங்குகிறதா ஓடுகிறதா, சில மணி நேரம் நிற்குமா, நாள்கணக்கிலா? பிறகு கட்டடத்தின் வகை: சுவரே பாரம் தாங்கும் லோடு பேரிங் வீடா, பில்லரும் பீமும் கொண்டதா, எத்தனை மாடி? அஸ்திவாரமும் மண்ணும் கூடுதல் பாரத்தைத் தாங்குமா? வீட்டில் படியேற முடியாதவர் இருக்கிறாரா? கடைசியாக, உயர்த்திய பிறகு கீழேயே தங்கிவிடும் சம்ப், செப்டிக் டேங்க், மோட்டார், மீட்டர் பெட்டி என்ன ஆகும்?

| வழி | பொருத்தமான உயரம் | ஓடும் நீரில் | வேலை நடக்கையில் குடியிருப்பது | பலர் கணக்கில் விடும் செலவு |
|---|---|---|---|---|
| மண் நிரப்பி உயரமான பேஸ்மட்டம் (புதுவீடு) | 0.5 – 1.2 மீ. | கரை அரிக்கும் | – | தடுப்புச் சுவர், மண் இறக்கம் |
| பில்லர் மேல் வீடு (புதுவீடு) | 2.4 மீ.க்கு மேல் | நன்று, அஸ்திவாரம் ஆழமானால் | – | நிலநடுக்க வடிவமைப்பு, படி, லிஃப்ட் |
| ஜாக்கி வைத்துத் தூக்குவது | 0.6 – 1.5 மீ. | புதிய அடிச்சுவரின் வலுவைப் பொறுத்தது | முடியாது | எல்லா இணைப்புகளையும் மீண்டும் போடுவது |
| உள்தளத்தை ஏற்றுவது | 0.3 – 0.45 மீ. | பழைய சுவரைப் பொறுத்தது | அறை அறையாகச் செய்தால் முடியும் | கதவு, ஜன்னல், சுவர் ஈரம் |
| தண்ணீரை வெளியே தடுப்பது | அதிகபட்சம் 0.9 மீ. | பொருந்தாது | முடியும் | வால்வு, பம்ப், ஒவ்வொரு முறையும் ஆள் |

## மண் நிரப்பி உயரமான பேஸ்மட்டம்

புதிதாகக் கட்டுபவருக்கு, தேவையான உயரம் 1.2 மீட்டருக்குள் இருந்தால் இதுவே எளிய வழி. கெடுவது பெரும்பாலும் மண்ணாலும் அவசரத்தாலும். களிமண் வேண்டாம், நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும். கிராவலோ மணல் கலந்த மண்ணோ போட்டு, 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் இறுக்க வேண்டும். ஒரு மீட்டரை ஒரே நாளில் கொட்டித் தண்ணீரை மட்டும் பாய்ச்சி விட்டால், ஓராண்டில் தளம் நடுவில் இறங்கும், டைல்ஸ் தட்டினால் வெற்றொலி கேட்கும். இறுக்கியபின் அளவு குறையும் என்பதால் கணக்கிட்டதைவிடக் கால் பங்கு கூடுதலாக மண் வாங்க வேண்டியிருக்கும்.

பேஸ்மட்டச் சுவர் இங்கே உள்ளிருக்கும் மண்ணின் தள்ளுதலையும் தாங்குகிறது. இந்தத் தள்ளுதலால் வரும் கவிழ்ப்பு, உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: 0.6 மீட்டருக்குத் தாங்கிய சுவரை 1.2 மீட்டருக்கு உயர்த்தினால் எட்டு மடங்கு. அரை மீட்டருக்குப் பழகிய கொத்தனார் அதே கனத்தில் செங்கல் சுவரை இரட்டை உயரத்துக்கு ஏற்றிவிடும்போதுதான் சுவர் பிதுங்குகிறது. ஒரு மீட்டரைத் தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட் சுவரை ஒரு பொறியாளர் வடிவமைக்கட்டும்.

மனை முழுவதையும் மேடாக்குவது வேறு விஷயம். 200 சதுர மீட்டர் மனையை ஒரு மீட்டர் உயர்த்தினால் அங்கே நின்றிருக்கக்கூடிய 2 லட்சம் லிட்டர் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது. ஒரு தெருவில் எல்லோரும் இப்படிச் செய்தால் கடைசியில் தாழ்வாக இருக்கும் வீட்டுக்காரரே எல்லாருடைய தண்ணீரையும் வாங்குகிறார். வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்தி, சுற்றிலும் நிலத்தைப் பழைய மட்டத்தில் விடுவதே நியாயம். வேகமாக நீர் ஓடும் இடத்தில் இந்த வழியே வேண்டாம். மேட்டின் ஓரம் அரித்து அஸ்திவாரம் வெளியே வந்துவிடும். அலை மோதும் கடலோரப் பகுதிகளில் கட்டடத்தைத் தாங்க மண் நிரப்புவதை அமெரிக்க விதிகள் அனுமதிப்பதே இல்லை.

## பில்லர் மேல் வீடு

1.2 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் முழு மாடி உயரத்துக்குப் பில்லர் எழுப்பிவிடுவது நல்லது. 1.5 மீட்டரில் நிறுத்தினால் கீழே குனிந்தே போக வேண்டும். துப்புரவும் நடக்காது, வாகனமும் நிற்காது. 2.4 மீட்டர் விட்டால் தண்ணீர் தடையின்றிப் போகும், மற்ற நாள்களில் வண்டி நிறுத்தும் இடமாகும். அண்டை வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளாத வழியும் இதுதான்.

இதன் பெரிய பலவீனம் நிலநடுக்கம். மேலே சுவர்கள் நிறைந்த விறைப்பான மாடி, கீழே வெறும் பில்லர்கள். அசைவு முழுவதும் கீழ்த்தளத்தில் குவிந்து பில்லர்கள் முறிவது பல நிலநடுக்கங்களில் கண்ட ஒன்று. கீழ்த்தளத்துப் பில்லர்களைத் தடிமனாக்குவது, ஓரிரு இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்புவது, பில்லரின் இரு முனைகளிலும் வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டுவது ஆகியவற்றை வரைபட நிலையிலேயே சேர்க்க வேண்டும். அந்தக் கான்கிரீட் சுவர் வெள்ளம் ஓடும் திசைக்கு இணையாக அமையட்டும். குறுக்கே நின்றால் தண்ணீரின் முழு வேகத்தையும் வாங்கும், மிதந்து வரும் குப்பையையும் பிடித்து வைக்கும். வேகமான நீரில் பில்லரைச் சுற்றி மண் அரிக்கும் ஆழம் பில்லரின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு வரை போகலாம் என்று கணக்கிடுவது வழக்கம். அஸ்திவார ஆழத்தில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மனிதரால் வரும் கெடுதல் இன்னொன்று. கட்டிய சில ஆண்டுகளில் கீழே ஓர் அறை, ஒரு கடை, காவலாளிக்கு ஒரு இடம் என்று அடைத்துவிடுவார்கள். அதோடு உயர்த்தியதன் பயன் போயிற்று. அடைக்கத்தான் வேண்டும் என்றால் அமெரிக்க வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் விதி நல்ல அளவுகோல்: வாகனம் நிறுத்த, பொருள் வைக்க, மேலே ஏறிப்போக மட்டுமே அந்த இடம். அடைத்த பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 70 சதுர செ.மீ. திறப்பு, குறைந்தது இரண்டு வெவ்வேறு சுவர்களில். திறப்பின் அடிப்பகுதி தரையிலிருந்து 30 செ.மீ.க்குள். 40 சதுர மீட்டர் இடத்துக்கு மொத்தம் 2,800 சதுர செ.மீ., அதாவது 40க்கு 10 செ.மீ. அளவுள்ள ஏழு திறப்புகள். தண்ணீர் உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கினால் சுவரில் அழுத்தம் சேராது. திறப்பில் கொசுவலை அடித்தால் குப்பை அடைத்துக்கொள்ளும். பெரிய கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள்.

மின்மீட்டர், ஜெனரேட்டர், லிஃப்டின் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கீழேயே இருந்தால் வீடு நனையாவிட்டாலும் வாரக்கணக்கில் மின்சாரம் இருக்காது. அவையும் தளத்தின் அதே மட்டத்துக்கு மேலே ஏற வேண்டும்.

## ஜாக்கி வைத்துத் தூக்குவது

புதிய வித்தையல்ல. 1900 புயலுக்குப் பின் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் திருகு ஜாக்கிகளால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தூக்கி, அடியில் மணல் நிரப்பி, நகரத்தின் மட்டத்தையே உயர்த்தினார்கள்.

ஒன்று அல்லது இரண்டு மாடி உள்ள, சுவர்களில் பெரிய வெடிப்பு இல்லாத லோடு பேரிங் வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். தரைமட்டத்துக்குக் கீழே சுவரைச் சிறு சிறு இடைவெளியாக உடைத்து, ஜாக்கி வைத்து, மேலே இரும்புச் சேனலை ஓடவிட்டு, சுவரின் முழு நீளமும் சேனல்மேல் உட்கார்ந்தபின் எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். இங்கேதான் கண் வேண்டும். ஒரு மூலை மட்டும் ஒரு செ.மீ. முந்தினால் எதிர் மூலையின் ஜன்னலோரத்தில் சாய்வான வெடிப்பு விழும். ஒவ்வொரு மூலையிலும் அளவுக்கோல் ஒட்டி, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் படித்து எழுத ஓர் ஆள் தனியாக வேண்டும்.

பில்லர் வீட்டில் கதை மாறுகிறது. பில்லரை அறுத்து, தூக்கி, அறுபட்ட கம்பிகளை மீண்டும் இணைத்துக் கான்கிரீட் போட வேண்டும். எல்லாக் கம்பிகளும் ஒரே மட்டத்தில் இணைக்கப்படும் அந்த இடமே கட்டடத்தின் பலவீனமான மூட்டு. மெக்கானிக்கல் கப்ளர் எனும் இணைப்புக் குழலால் இணைத்து, சுற்றிக் கான்கிரீட் உறை போட்டு, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திடாமல் இதைச் செய்யாதீர்கள். மூன்று மாடிக்கு மேல் என்றால் வேறு வழி தேடுவதே மேல்.

புதிய அடிச்சுவரின் பாரத்தையும் பாருங்கள். 23 செ.மீ. செங்கல் சுவர் ஒரு மீட்டர் உயர்ந்தால், நீளத்தில் மீட்டருக்குச் சுமார் 440 கிலோ கூடும். உள்ளே தளத்துக்கு அடியில் மண் நிரப்பினால் சதுர மீட்டருக்கு 1.8 டன். அது இளகிய மண்ணை அமுக்கி அஸ்திவாரத்தையும் சேர்த்து இறக்கும். பழைய அஸ்திவாரத்தின் ஒரு மூலையைத் தோண்டி அகலத்தையும் ஆழத்தையும் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்த விலையில் பொதுவாகச் சேராதவை: கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றை வெட்டி மீண்டும் இணைப்பது, புதிய தரை, வெளிப்படிகள், மதில், வேலை முடியும்வரை வாடகை வீடு. படிக்கணக்கு சின்னதல்ல. 15 செ.மீ. படியானால் 1.2 மீட்டருக்கு எட்டுப் படி. சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவானால் 14.4 மீட்டர் நீளச் சாய்தளம், நடுவில் நின்று திரும்பும் மேடை தனி.

## உள்தளத்தை ஏற்றுவது

செலவு குறைவு என்பதால் அதிகம் பேர் இதையே நாடுகிறார்கள். 30 முதல் 45 செ.மீ. வரை நியாயமான தேர்வு. 60 செ.மீ. என்றால் வீட்டின் அளவுகளே கெட்டுவிடும். 3 மீட்டர் உயர அறை 2.4 ஆகும், 2.1 மீட்டர் கதவு 1.5 ஆகும். எனவே கதவுக்கு மேலுள்ள லிண்டலை உடைத்து ஏற்ற வேண்டும். 90 செ.மீ. உயரத்தில் இருந்த ஜன்னலடி 30க்கு இறங்கும், குழந்தை தவறி விழாமல் கம்பி தேவை. மாடிப்படியின் முதல் சில படிகள் தரைக்குள் மறைந்து, முதல் படி மட்டும் உயரம் மாறி நிற்கும். இருட்டில் தடுக்கிவிடுவது அந்தப் படிதான்.

ஈரம் தனிக் கவலை. பேஸ்மட்டத்தில் போட்ட டி.பி.சி. எனும் ஈரத்தடுப்பு அடுக்குதான் மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் காக்கிறது. அதற்கு மேலே உள்ள சுவரை ஒட்டிப் புதிதாக மண் நிரப்பினால், ஈரம் அந்த அடுக்கைச் சுற்றிக்கொண்டு நேரே சுவருக்குள் போகும். ஓராண்டில் பெயின்ட் உரியும், உப்புப் பூக்கும். மண் கொட்டுமுன் சுவரின் உட்பக்கத்தைச் சிமென்ட் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சோ தடித்த பாலித்தீன் விரிப்போ கொடுத்து, அதைப் புதிய தளத்துக்கு மேல் வரை மடக்கி விடுங்கள். மண்ணுக்குப் பதில் குட்டைச் சுவர்கள் கட்டி, மேலே பிரீகாஸ்ட் ஸ்லாப் வைத்தால் ஈரமும் குறையும், பாரமும் குறையும். 3க்கு 4 மீட்டர் அறையில் 60 செ.மீ. மண் சுமார் 13 டன் என்பதை நினைத்தால் இது கூடுதல் செலவுக்குத் தகும்.

## தண்ணீரை வெளியே தடுப்பது

கதவில் அலுமினியத் தடுப்புப் பலகை, சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு, கழிவுக் குழாயில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு, உள்ளே சம்ப் பம்ப். தண்ணீர் 45 செ.மீ. நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 100 கிலோ தள்ளும், 90 செ.மீ. நின்றால் 400 கிலோ. செங்கல் சுவருக்கு அதுவே எல்லை. தரையின் கீழ் மண் ஊறியபின் அடியிலிருந்தும் தள்ளும். வெளியே 60 செ.மீ. நின்றால் 10 செ.மீ. கான்கிரீட் தளத்தின் கீழே சதுர மீட்டருக்கு 700 கிலோ அழுத்தம், தளத்தின் சொந்த எடையோ 240 கிலோ. வெளியே 90 செ.மீ.க்கு மேல் ஏறினால் தடுப்பைத் திறந்து உள்ளே விட்டுவிடுவதே சுவரைக் காப்பாற்றும். புதிதாகக் கட்டும் வீடுகளில் உயர்த்துவதற்கு மாற்றாக இந்த வழியை அமெரிக்கத் திட்டம் ஏற்பதில்லை.

சில மணி நேரத்தில் வடியும், 45 செ.மீ.க்குள் நிற்கும் தண்ணீருக்கும், தூக்கவே முடியாத சுவர் ஒட்டிய வீடுகளுக்கும் இது பொருந்தும். பலகையை மாட்ட வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பம்புக்கு மின்சாரம் தனியாக வேண்டும்.

## எப்போது இடித்துக் கட்டுவது

தூக்கும் செலவும் அதையொட்டிய வேலைகளும் சேர்ந்து கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டால் இடித்துக் கட்டுவதைத் தீவிரமாக யோசிக்கலாம். அமெரிக்கத் திட்டத்திலும் பாதிதான் கோடு: பழுதோ விரிவாக்கமோ கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால், முழு வீடும் புதுவீட்டுக்கான மட்ட விதிக்கு வந்தாக வேண்டும். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிரும் வீட்டையும், அஸ்திவாரம் ஏற்கெனவே இறங்கிய வீட்டையும் தூக்குவது பணத்தை மண்ணில் போடுவது.

## எந்த வழியானாலும்

சம்ப்பும் செப்டிக் டேங்கும் காலியாக இருந்தால் வெள்ளத்தில் மிதக்கப் பார்க்கும். 5,000 லிட்டர் தொட்டியை நீர் 5 டன் விசையோடு மேலே தள்ளும். வெள்ள எச்சரிக்கை வந்ததும் சம்ப்பை நிரப்பிவிடுங்கள், செப்டிக் டேங்கை அந்தச் சமயத்தில் காலி செய்யாதீர்கள். சம்ப்பின் மூடி வெள்ள மட்டத்துக்கு மேல் வரும்படி கழுத்தை உயர்த்திக் கட்டுங்கள்.

உயர்த்திய வீடு நனையாது, ஆனால் தீவாகும். தெருவில் 60 செ.மீ. ஓடும் நீர் பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும். மருந்து தேவைப்படுபவர் இருந்தால் தண்ணீர் ஏறும் முன்பே வெளியேற வேண்டும், தளம் எத்தனை அடி உயரத்தில் இருந்தாலும்.

மட்டத்தை மூன்று முறை சரிபார்க்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: வரைபடத்தில் ஒருமுறை, பிளிந்த் பீம் (பேஸ்மட்டத்தின் மேல் ஓடும் பீம்) அல்லது முதல் தளத்துக்குப் பலகை அடித்துக் கான்கிரீட் போடும் முன் ஒருமுறை, தரை முடிந்தபின் ஒருமுறை. நடுவில் உள்ளதே முக்கியம். பலகை மட்டத்தில் 10 செ.மீ. பிழை தெரிந்தால் அரைநாள் வேலையில் திருத்திவிடலாம். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.